பழைய புல்லட்டுக்குப் புது முன் பிரேக்

“முன் பிரேக்கத் தொடாதடா, தூக்கி அடிச்சிடும்.” வண்டி பழகும் பையனுக்கு அப்பாவோ மாமாவோ சொல்லும் முதல் எச்சரிக்கை பெரும்பாலும் இதுதான். இதைக் கேட்டு வளர்ந்தவர்களின் வண்டிகளைப் பட்டறையில் கழற்றினால் விளைவு தெரியும். பின் பிரேக் ஷூ பலமுறை மாறியிருக்கும். முன் ஷூவோ அதிகம் தேயாமல் மினுமினுப்பேறிக் கிடக்கும். கேபிள் துருப்பிடித்து உறைக்குள் இறுகியிருக்கும். அக்கறையோடு சொன்ன அறிவுரைதான். ஆனால் இயற்பியல் அதற்கு நேர் எதிராக நிற்கிறது.

ஒரு புல்லட்டும் அதில் உட்கார்ந்திருப்பவரும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வண்டி நிற்கும்போது முன் சக்கரம் சுமார் 112 கிலோவையும் பின் சக்கரம் 138 கிலோவையும் தாங்கும். பிரேக் பிடித்ததும் இந்தப் பங்கீடு மாறிவிடுகிறது. சாலை டயரைப் பின்னோக்கி இழுக்கிறது. தரைக்கு 65 சென்டிமீட்டர் மேலே இருக்கும் எடை மையமோ முன்னோக்கியே போகப் பார்க்கிறது. அதனால் சுமை முன்பக்கம் சாய்கிறது. இரு சக்கரங்களுக்கும் இடையே 137 சென்டிமீட்டர் இருக்கும் வண்டியில், புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.7 பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைத்தால், முன் சக்கரத்தின் சுமை 195 கிலோவாக ஏறும். பின் சக்கரத்தில் மிஞ்சுவது 55 கிலோதான்.

டயர் சாலையைப் பற்றும் பலம் அதன்மேல் அழுத்தும் சுமையைப் பொறுத்தது. சுமை போய்விட்ட பின் சக்கரத்திடம் எவ்வளவுதான் கேட்க முடியும்? மிதியை ஓங்கி மிதித்தால் அது பூட்டிக்கொண்டு வழுக்கும், அவ்வளவுதான். 60 கி.மீ. வேகத்தில் வரும் இந்த வண்டியைப் பின் பிரேக்கால் மட்டும் நிறுத்த, உலர்ந்த சாலையிலும் ஏறக்குறைய 49 மீட்டர் ஆகும். இரண்டையும் சேர்த்துச் சரியாகப் பிடித்தால் 20 மீட்டர் போதும். இடையிலுள்ள 29 மீட்டரில்தான் பல விபத்துகள் நடக்கின்றன அல்லது நடக்காமல் போகின்றன.

அப்படியானால் பெரியவர்கள் பயந்ததற்குக் காரணமே இல்லையா? இருக்கிறது. அது பழைய டிரம் பிரேக்கின் குணத்தில் இருக்கிறது.

டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கும். ஒரு முனையில் ஊன்றி நிற்கும் அவற்றை மறுமுனையில் உள்ள கேம் திரும்பி அகலத் தள்ளும். சுழலும் டிரம் கேம் முனையிலிருந்து ஊன்றிய முனையை நோக்கி நகரும் பக்கத்தில் இருப்பது லீடிங் ஷூ. உராய்வு அந்த ஷூவைத் தன்னோடு இழுத்து டிரம்முக்குள் மேலும் அழுத்திவிடுகிறது. நாம் கொடுத்த விசையைச் சக்கரத்தின் சுழற்சியே பெருக்கிக் கொடுக்கிறது. எதிர்ப்பக்கத்து டிரெய்லிங் ஷூவுக்கு நேர்வது இதற்கு நேர்மாறு: உராய்வு அதை டிரம்மைவிட்டு விலக்கித் தள்ளுகிறது. ஆகவே வேலையின் பெரும்பங்கை லீடிங் ஷூதான் செய்கிறது.

இந்தத் தன்னுதவி இனாமாகக் கிடைக்கும் பலம். ஆனால் அது உராய்வின் அளவை நம்பியிருக்கிறது. உராய்வு சற்றே கூடினால் பிரேக் பலம் அதைவிட வேகமாகக் கூடும். இரவெல்லாம் மழையில் நின்ற வண்டியின் டிரம்மில் மெல்லிய துரு படிந்திருக்கும். காலையில் முதல் தடவை லீவரைத் தொட்டதும் பிரேக் வெடுக்கென்று கவ்வும். முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் ஓட்டுபவர் நிலைதடுமாறுவார். பெரியவர்கள் கண்டு பயந்தது இந்தக் கவ்வலைத்தான். அதற்குத் தீர்வு முன் பிரேக்கை ஒதுக்கிவைப்பது அல்ல, அதைச் சீராக்குவது.

1955-இல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் புல்லட்டைச் செய்யத் தொடங்கிய பிறகு, அதன் முன் பிரேக் மூன்று கட்டங்களைக் கண்டிருக்கிறது. பழையவற்றில் 6 அங்குல டிரம். பிறகு 7 அங்குல டிரம்மில் இரண்டு கேம்களை வைத்து, இரு ஷூக்களையுமே லீடிங் ஷூவாக்கிய அமைப்பு. அதற்கும் பிறகு 280 மி.மீ. டிஸ்க். பழைய வண்டி வைத்திருக்கும் பலரும் முதல் கட்டத்திலிருந்தோ இரண்டாவதிலிருந்தோ ஒரே தாவலில் மூன்றாவதுக்குப் போக ஆசைப்படுகிறார்கள். தாவுவதற்கு முன், இருப்பது ஏன் பிடிக்கவில்லை என்று பார்த்துவிட வேண்டும். விரலில் கொடுக்கும் விசை சாலையைச் சேர்வதற்குள் வழியில் எங்கெங்கோ வீணாகிறது. அந்த இடங்களைக் கண்டுபிடிக்காமல் புதுப் பாகம் வாங்கிப் பயனில்லை.

முதல் இழப்பு கேபிளில். உள்கம்பி நீளும், வெளியுறை சுருங்கும், வளைவுகளில் இரண்டும் உரசும். லீவர் பஞ்சுபோல் கைப்பிடிவரை வந்தால், உங்கள் விசை கேபிளை நீட்டுவதிலேயே போய்விடுகிறது என்று பொருள். கூர்மையான வளைவில்லாமல் போகும் ஒரு புதிய, தடித்த உள்கம்பி கொண்ட கேபிள் எவ்வளவு மாற்றம் தரும் என்பதைக் கையால் உணர்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது கேம் நெம்புகோலின் கோணம். கேபிள் இழுக்கும்போது அதுவும் நெம்புகோலும் செங்கோணத்தில் இருந்தால்தான் முழுத் திருப்புவிசையும் கேமுக்குப் போகும். ஷூ தேயத் தேய, கேம் அதிகம் திரும்ப வேண்டியிருக்கிறது; நெம்புகோல் செங்கோணத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அப்போது அட்ஜஸ்டரை எவ்வளவு திருகி இறுக்கினாலும் லீவரின் இடைவெளி குறையுமே தவிர, பிடிப்பு கூடாது. “டைட் பண்ணிட்டேன் அண்ணே, இன்னும் பிடிக்கல” என்று பட்டறைகளில் கேட்கும் புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இரண்டு கேம் உள்ள 7 அங்குல பிரேக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. இரு நெம்புகோல்களையும் இணைக்கும் கம்பியின் நீளம் சரியாக இல்லாவிட்டால், ஒரு ஷூ மட்டும் டிரம்மைத் தொட்டுவிட்டு நிற்கும். மற்றது சும்மா இருக்கும். சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, இணைப்புக் கம்பியைக் கழற்றி, ஒவ்வொரு கேமையும் தனித்தனியே திருப்பி ஷூ லேசாக உரசும் இடத்தைக் கண்டுபிடித்து, இரண்டும் ஒரே நேரத்தில் உரசும்படி கம்பியின் நீளத்தை வைக்க வேண்டும். அச்சு நட்டை முழுவதும் முறுக்குவதற்கு முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த நிலையிலேயே நட்டை முறுக்கினால் பிரேக் பிளேட்டும் டிரம்மின் நடுவுக்கு வந்து அமரும். காசில்லாத வேலை இது, பொறுமைதான் வேண்டும். இந்த வகைப் பிரேக்கை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய குறை ஒன்றும் உண்டு. சக்கரம் பின்னோக்கி உருளும்போது இரு ஷூக்களும் டிரெய்லிங் ஷூவாகிவிடும். மலைச்சாலையின் ஏற்றத்தில் நிற்கும் வண்டியை முன் பிரேக் மட்டும் தாங்காது. காலும் பின் பிரேக்கில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்கப்படாதது ஷூவின் வளைவு. பல ஆண்டுகள் ஓடிய டிரம் தேய்ந்து விட்டம் கூடியிருக்கும். கடையில் வாங்கிய புது ஷூவோ புது டிரம்முக்கான வளைவோடு வரும். மாட்டினால் நடுப்பகுதி மட்டும் தொடும். லைனிங்கில் சாக்பீஸைத் தேய்த்து, மாட்டி, சக்கரத்தைச் சுற்றி லேசாகப் பிரேக் பிடித்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் சாக்பீஸ் அழிந்திருக்கும். இரு முனைகளும் வெள்ளையாகவே இருக்கும். இவ்வளவு பெரிய ஷூவில் வேலை செய்வது அந்த இரண்டு விரல் அகலம்தான்.

இதைச் சரிசெய்யத் தெரிந்த லேத் பட்டறைக்காரர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் வேலை செய்வதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் ரிம்மையும் ஸ்போக்ஸையும் கழற்றவிடவில்லை. சக்கரத்தை முழுதாகவே லேத்தில் ஏற்றினார். ஸ்போக்ஸ் முறுக்கும்போது அவை டிரம்மை ஆளுக்கொரு பக்கம் இழுத்து வட்டத்தைக் கெடுக்கின்றன. இழுபட்ட நிலையிலேயே கடைந்தால்தான் வண்டியில் மாட்டிய பிறகும் வட்டம் வட்டமாக இருக்கும். கத்தி முதல் சுற்றில் டிரம்மின் ஒரு பக்கத்தை மட்டும் சீவியது. மறுபக்கத்தைத் தொடவே இல்லை. டிரம் எவ்வளவு கோணியிருந்தது என்பது அந்தச் சத்தத்திலேயே கேட்டது: விட்டு விட்டு ஒரு ‘சர்ர்’. நான்காவது ஐந்தாவது சீவலில்தான் சத்தம் ஒரே இழையாக வந்தது. பிறகு ஷூக்களைப் பிளேட்டில் மாட்டி, கேமுக்கும் ஷூவுக்கும் இடையே மெல்லிய தகடு வைத்து, டிரம்மின் புதிய விட்டத்தைவிட ஒரு மயிரிழை குறைவாகக் கடைந்தார். ஹப்பில் டிரம்மின் அதிகபட்ச விட்டம் எழுதியிருந்தால் அதைத் தாண்டக் கூடாது. தாண்டிய டிரம் குப்பைக்குத்தான். இன்னொன்று: பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இவ்வளவும் செய்த 7 அங்குல டிரம் பிரேக், ஊருக்குள் ஓடும் புல்லட்டுக்குப் போதும் என்பதே என் கருத்து. போதாமல் போவது நீண்ட இறக்கத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும். காரணம் வெப்பம்.

பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி. 250 கிலோ வண்டி 60 கி.மீ. வேகத்திலிருந்து நின்றால் ஏறத்தாழ 35 கிலோஜூல் வெப்பம் பிறக்கிறது. ஒரு சிறிய டம்ளர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். வேகம் 80 ஆனால் வெப்பம் 62 கிலோஜூல். இனி 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையை எண்ணிப் பாருங்கள். 1000 மீட்டர் உயரம் இறங்கும் இதே வண்டி இழக்கும் ஆற்றல் சுமார் 2,450 கிலோஜூல். 60 கி.மீ. வேகத்திலிருந்து எழுபது தடவை நிறுத்தியதற்குச் சமம். கியரைக் குறைத்து இறங்கினால் கணிசமான பங்கை எஞ்சினும் கொஞ்சம் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதியெல்லாம் பிரேக்குக்கு.

டிரம்மில் இந்த வெப்பம் மூடிய கூட்டுக்குள் பிறக்கிறது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகிப் போகிறது. லீவர் கீழே இறங்கிக்கொண்டே வரும். லைனிங்கின் பிசின் சூட்டில் கெட்டு உராய்வும் குறைகிறது. உராய்வு குறைந்தால் அதை நம்பியிருந்த தன்னுதவியும் சேர்ந்தே குறைகிறது. இரண்டு லீடிங் ஷூ உள்ள பிரேக் முதல் வளைவுகளில் அவ்வளவு அருமையாகப் பிடித்துவிட்டு அடிவாரத்துக்கு வருவதற்குள் கைவிடுவது இதனால்தான்.

டிஸ்க்கில் வெப்பம் திறந்த காற்றில் பிறந்து, காற்றிலேயே போகிறது. சூடேறிய தட்டு தடிக்கும்போது, அதை இருபுறமும் கவ்வும் பேடை நோக்கித்தான் வரும், விலகாது. தன்னுதவி கிடையாது என்பதால் விரல் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவே கிடைக்கும். வெடுக்கென்ற கவ்வல் இல்லை. அந்தத் தன்னுதவி இல்லாத குறையை எண்ணெய் அழுத்தம் ஈடுகட்டுகிறது. 1902-லேயே இங்கிலாந்தின் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றிருந்தாலும், பெருமளவில் தயாரான மோட்டார் சைக்கிளில் ஹைட்ராலிக் டிஸ்க் வந்தது 1969-இல் ஹோண்டா சிபி 750 மூலம்தான். அன்றைய ஜப்பானிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டுகள் மழையில் நனைந்தால் பிடிக்கத் தாமதித்தன. உலோகத் துகள் கலந்த பேட்கள் வந்த பிறகே அந்தக் குறை தீர்ந்தது.

நம் நாட்டில் நடந்தது வருத்தமான கதை. 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் 350 என்ற பெயரில் யமஹா ஆர்டி 350-ஐக் கொண்டுவந்தபோது, ஜப்பானிய வண்டியில் இருந்த முன் டிஸ்க்கை எடுத்துவிட்டு 7 அங்குல டிரம்மை வைத்தார்கள். அன்றைய இந்தியச் சாலையில் வேறெதுவும் எட்டிப்பிடிக்க முடியாத வண்டிக்கு அந்த பிரேக் போதவே போதாது. விலையைக் குறைக்க வெட்டியது வெட்டக்கூடாத இடத்தில்.

டிஸ்க் மாட்டுவது என்று முடிவானால் எதை மாட்டுவது, எதில் மாட்டுவது? ஒரு கணக்கைப் பாருங்கள். நாம் முன்பு சொன்ன 0.7 பங்கு பிரேக்கிங்கில், முன் சக்கரத்தில் சுமார் 430 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை தேவை. 7 அங்குல டிரம்மின் பரப்பில் அதற்கு 490 கிலோ எடைக்குச் சமமான உராய்வு விசை வேண்டும். 280 மி.மீ. தட்டில் பேட் மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் 360 கிலோவே போதும். பெரிய தட்டின் லாபம் இதுதான். ஆனால் அந்த 360 கிலோவையும் தாங்குவது, பேடைத் தட்டின்மேல் அழுத்தும் காலிப்பரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளும், அவை நிற்கும் ஃபோர்க்கின் காதுகளும். டிரம் வண்டியின் ஃபோர்க்கில் அந்தக் காதுகளே இருக்காது. வார்ப்பு அலுமினியத்தில் துண்டை வெல்டிங் வைத்துக் காலிப்பரைத் தொங்கவிடும் பட்டறைகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெல்டிங் சூட்டில் பலமிழந்த அலுமினியம் என்றைக்கு விரிசல்விடும் என்று சொல்ல முடியாது; விடும் நாளில் காலிப்பர் ஸ்போக்ஸுக்குள் பாயும்.

புல்லட்காரர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. அதே குடும்பத்தின் பிந்தைய டிஸ்க் வண்டியிலிருந்து ஃபோர்க்கின் கீழ்க்கால், ஹப், அச்சு, காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே செட்டாக எடுப்பது. ஸ்பீடோமீட்டர் கேபிளை ஓட்டும் பல்லும் பிரேக் விளக்கின் சுவிட்ச்சும்கூட மாறும், மறக்க வேண்டாம். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் இவை தனித்தனியாகக் கிடைக்கும். பழைய காலிப்பர் வாங்கினால் பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர ரப்பர் சீல்தான், லீவரை விட்டதும் முறுக்கு தளர்ந்து பிஸ்டனை ஓர் இழை பின்னுக்கு இழுக்கிறது. சீல் காய்ந்து, பிஸ்டன் துருவேறியிருந்தால் பேட் தட்டைவிட்டு விலகாது; ஓடும்போதே உரசிச் சூடாகும்.

பலரும் ஏமாறும் இடம், லீவரின் விசையை எண்ணெய் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர். பெரிய வண்டியிலிருந்து எடுத்தது வலுவாகப் பிடிக்கும் என்று நினைப்பார்கள். 12.7 மி.மீ. துளை உள்ள மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் 15.87 மி.மீ. மாட்டினால் பிஸ்டனின் பரப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகிறது. ஒரே கைவிசைக்கு எண்ணெயில் உண்டாகும் அழுத்தம் 36 சதவீதம் குறைந்துவிடும். ஆனால் லீவர் கொஞ்சமே நகர்ந்து கட்டையாக நிற்கும். அந்தக் கட்டைத்தனத்தைப் பலம் என்று கை நம்பிவிடும். வண்டியோ முன்பைவிடத் தள்ளித்தான் நிற்கும். காலிப்பரோடு அதற்கென்றே செய்த மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து வாங்கச் சொல்வது இதனால்தான்.

பிரேக் ஆயிலையும் இலேசாக நினைக்கக் கூடாது. டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரமேறியபின் 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். மலையிறக்கத்தில் காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி நசுங்கும், ஆயில் நசுங்காது. லீவர் வெறுமனே கைப்பிடியைத் தொடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இது இன்னும் அவசியம். பெட்ரோல் டாங்கின்மேல் சிந்தினால் பெயிண்ட்டைத் தின்றுவிடும் என்பதால், ஆயிலிலுள்ள காற்றை வெளியேற்றும் ப்ளீடிங்கின்போது டாங்கைத் துணியால் மூடிவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வண்டியை நிறுத்துவது டயர்தான். இறுகிப்போன பழைய டயரில் டிஸ்க் மாட்டினால், சக்கரம் முன்பைவிடச் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், தூரம் குறையாது. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பட்டன் எவ்வளவு ஆழமாக மிச்சமிருந்தாலும், வெடிப்புக் கண்ட ரப்பரை நம்பாதீர்கள். முன் ஃபோர்க்கின் ஆயிலையும், ஹேண்டில் பேரிங்குகளின் ஆட்டத்தையும் இதே கையோடு பார்த்துவிடலாம். ஒற்றைத் தட்டு ஒரு பக்கக் காலை மட்டும் இழுப்பதால், தளர்ந்த முன்பகுதி முறுக்கிக்கொள்ளும்.

சட்டமும் இதில் வருகிறது. பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. வேலையைத் தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. எந்த மாற்றமும் செய்யாமல் இருக்கும் டிரம்மைச் சீராக்குவதற்கு இந்தக் கேள்வியே எழாது.

புது பேட் மாட்டிய அன்றே நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். வெறிச்சோடிய சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், மிதமாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். ஒவ்வொரு பிடிக்கும் இடையே தட்டு ஆற நேரம் கொடுங்கள். சூடான தட்டின்மேல் பேடை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றால், பேடின் பொருள் அந்த ஓரிடத்தில் மட்டும் ஒட்டி, பிறகு லீவரில் அதிர்வாகத் தெரியும். லீவரை எப்போதும் இரண்டு கட்டமாகப் பிடியுங்கள்: முதலில் மெதுவாக, ஃபோர்க் அமுங்கிச் சுமை முன்னால் வரும்வரை, பிறகு அழுத்தி. வீட்டுக்கு வந்ததும் தட்டு ஆறியபின் காலிப்பர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து இன்னொரு முறை பாருங்கள். ஹோஸின் இரு முனைகளிலும் வெள்ளைத் துணியால் துடைத்து, ஈரம் ஒட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.